நீர் நிற்கும் இடமும் நீர் நுழையும் இடமும்

மோட்டார் வண்டியின் பின்பெட்டியில் மழைநீர் கசிந்த கதையை ஓர் இலக்கியத் திங்களிதழில் எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பாகத் தோன்றக்கூடும். அரபு இலக்கணமும் தமிழ் யாப்பும் கற்பிக்கும் ஒருவருக்கு டிக்கியோடு என்ன வழக்கு என்று கேட்பவர்களும் இருப்பர். அந்தக் கசிவு வண்டியோடு நின்றிருந்தால் யாமும் எழுத முனைந்திரோம். அது எம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருந்த ஓர் அமானிதத்தைத் தொட்டுவிட்டது. ஆகவே நடந்ததை நடந்தவாறே சொல்லிவிடுவது எம் கடன் என்று கருதுகிறோம்.

எமது வண்டி 1991ஆம் ஆண்டின் அம்பாசிடர். வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை செய்தது. இங்கிலாந்து நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டின் அச்சில் வார்க்கப்பட்டு, ஏறத்தாழ உருவம் மாறாமலே ஐம்பதாண்டுகளுக்கு மேல் இந்நாட்டுச் சாலைகளில் ஓடிய அவ்வண்டியின் உற்பத்தி 2014ஆம் ஆண்டு நின்றுபோயிற்று. அமைச்சர் முதல் வாடகை ஓட்டுநர் வரை அனைவரையும் ஒரே இருக்கையில் சுமந்த வண்டி அது. கள்ளக்குறிச்சியில் எம் தெருவில் யாரேனும் ஊர்ப் பயணம் போவதாயின், மூட்டை முடிச்சுகளுக்கு இடம் தேடி எம் வீட்டு வாசலுக்குத்தான் வருவர். அத்துணைப் பெரிய டிக்கி.

அந்த டிக்கியில் ஓராண்டாகவே ஈரவாடை இருந்தது. மழை பெய்த மறுநாள் திறந்தால், மூடிவைத்த பழங்கிணற்றின் வாடை வரும். இடப்புறப் பின்மூலையில் உள்ளங்கையளவு நீர் நிற்கும். யாம் என்ன செய்தோம்? பழந்துணியால் துடைத்தோம். அடுத்த மழைக்கும் துடைத்தோம். பின்னர் ஒரு கோணிச் சாக்கை மடித்து அம்மூலையில் விரித்தோம். சாக்கு நீரைக் குடித்துக்கொண்டது. நீர் கண்ணில் படவில்லை. கண்ணில் படாததனால் கசிவே இல்லை என்று எம் மனமும் அமைதி கொண்டது. வாடை மிகுந்தபோது சிறிது அத்தர் தெளித்தோம். ஓராண்டுக் காலம் யாம் செய்த பழுதுபார்ப்பு இவ்வளவே.

முற்றிலும் சும்மா இருந்தோம் என்பதும் சரியன்று. இரு பட்டறைகளுக்குச் சென்றோம். முதற் பட்டறையில், நீர் நின்ற மூலைக்கு மேலேயே பின்விளக்கு இருப்பதைக் கண்டு, விளக்கைச் சுற்றிலும் சிலிக்கான் பசையைத் தாராளமாக அப்பி அனுப்பினர். அடுத்த மழையில் நீர் முன்போலவே நின்றது. இரண்டாம் பட்டறையில் டிக்கிக் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் முழுவதையும் மாற்றினர். அதன் பின்னும் நின்றது. பழைய வண்டி என்றால் ஒழுகத்தான் செய்யும் என்று ஒருவர் ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதல் எம் சோம்பலுக்கு வாய்ப்பாக இருந்தது, ஏற்றுக்கொண்டோம்.

சென்ற ஐப்பசியில் கல்வராயன் மலைக்குப் போக நேர்ந்தது. எம்மிடம் ஓதி, பின்னர் தமிழாசிரியர் பயிற்சி பெற்ற மாணாக்கர் ஒருவர் வெள்ளிமலைப் பக்கத்தில் பள்ளி ஆசிரியராக இருக்கிறார். அவருடைய பாட்டனார் மலையடிவாரத்தில் கடுக்காயும் புளியும் தேனும் வாங்கி விற்ற வணிகர். அதோடு கித்தாபுகளைப் படியெடுப்பதில் பேரார்வம் கொண்டவர். 1950களில் அவர் தம் கையாலேயே படியெடுத்த ஏடு ஒன்று மாணாக்கரிடம் இருந்தது. இப்னு மாலிக் இயற்றிய அல்ஃபிய்யாவும், அதற்கு அரபுத் தமிழில் எழுதிய விளக்கமும் கொண்ட ஏடு அது. ஸ்பெயின் நாட்டு ஹையானில் பிறந்து, திமிஷ்க் நகரில் வாழ்ந்து, 1274இல் மறைந்த அப்பேரறிஞர் அரபு இலக்கணம் முழுவதையும் ஏறத்தாழ ஆயிரம் செய்யுட்களில் அடக்கிய நூலே அல்ஃபிய்யா. பாட்டனார், மத்னு எனப்படும் மூலத்தைச் செம்மையாலும், ஷரஹு எனப்படும் விளக்கத்தைக் கருமையாலும் எழுதியிருந்தார். கீழை நாட்டுக் கையெழுத்து ஏடுகளில் பரவலாகக் காணப்படும் முறை அது.

“ஹஜ்ரத், இதை நீங்க எடுத்துட்டுப் போய்ப் படம் எடுத்து வச்சுக்குங்க. எங்களுக்குப் பிறகு இதை வாசிக்க ஆள் இருக்குமோ இருக்காதோ” என்று சொல்லி, வெள்ளைத் துண்டில் சுற்றி, அட்டைப் பெட்டியில் வைத்து அவர் எம் கையில் தந்தார். யாம் பிஸ்மி சொல்லி வாங்கி, டிக்கியின் இடப்புறத்தில், அந்தக் கோணிச் சாக்கின் மீதே வைத்தோம். மெத்தென்று இருக்கும், ஏடு அதிராது என்பது எம் எண்ணம்.

கீழிறங்கத் தொடங்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. வடகிழக்குப் பருவமழை மலைமீது பொழியும்போது துளி என்று பிரித்துச் சொல்ல இயலாது. வானம் முழுவதும் ஒரே தாரையாய் இறங்கும். வளைவுதோறும் நிறுத்தி நிதானித்து, கோமுகி அணைப் பக்கம் வந்து, கச்சிராயபாளையம் கடந்து, கள்ளக்குறிச்சிக்கு வந்து சேர இரவாகிவிட்டது. மழை ஓயட்டும் என்று பெட்டியை எடுக்காமலே உறங்கச் சென்றோம். இது இரண்டாவது பிழை.

காலையில் டிக்கியைத் திறந்தபோது சாக்கு கனத்துக் கிடந்தது. நீர் கண்ணில் படாமல் இருக்க யாம் விரித்த அதே சாக்கு, மூலையில் நின்ற நீரைத் திரிபோல உறிஞ்சி மேலேற்றி, அட்டைப் பெட்டிக்கு ஊட்டி, பெட்டி துண்டுக்கு ஊட்டி, துண்டு ஏட்டுக்கு ஊட்டியிருந்தது. சாக்கு இல்லாதிருந்தால் நீர் மூலையிலேயே நின்றிருக்கும். பெட்டியின் ஓரம் மட்டும் நனைந்திருக்கக்கூடும். துண்டை விலக்கினோம். வெள்ளைத் துண்டு இளஞ்சிவப்பாக மாறியிருந்தது. அக்காட்சி இன்றும் எம் கண்ணைவிட்டு அகலவில்லை.

நனைந்த நூலைக் கண்டால் வெயிலில் விரிக்கவே கை போகும். அது கூடாது. கடும் வெயில் தாளைச் சுருக்கி முறுக்கிவிடும். ஒட்டிய தாள்களைப் பிரித்து இழுப்பதும் கூடாது. ஈரத்தாளுக்கு வலிமை இல்லை. நிழலில், காற்றோட்டத்தில், மின்விசிறியின் கீழ் வைத்து, பிரியும் இடங்களில் மட்டும் மையில்லாத உறிஞ்சுதாளை இடையிட்டு, அது நனைந்ததும் மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். இரண்டு நாட்களுக்குள் உலராவிடில் பூஞ்சணம் பிடித்துவிடும். 1966ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் ஆர்னோ ஆறு கரை புரண்டு, அந்நாட்டுத் தேசிய நடுவண் நூலகத்துள் புகுந்து எண்ணற்ற நூல்களைச் சேற்றில் ஆழ்த்தியது. பல நாட்டு இளைஞர்கள் வரிசையாக நின்று கைக்குக் கை மாற்றி அந்நூல்களை மீட்டனர். நனைந்த ஏடுகளைக் காக்கும் கலை இன்றுள்ள நிலைக்கு வளர்ந்ததற்கு அந்த வெள்ளம் பெருங்காரணம். அத்துணைப் பெரிய அழிவிலிருந்து உலகம் கற்ற பாடத்தை எம் வீட்டுத் திண்ணையில் பத்தொன்பது தாள்களுக்காகப் பயன்படுத்திக்கொண்டோம். நனைந்தவை அத்தனைதான், ஆனால் அவை தொடக்கத் தாள்களும் இறுதித் தாளும் ஆகும்.

உலர்ந்தபின் பார்த்தபோது ஒரு வியப்பு காத்திருந்தது. கருமை எழுத்து ஒன்றும் கலையவில்லை. பாட்டனார் தாம் விற்ற கடுக்காயிலிருந்தே மை காய்ச்சியிருக்கிறார். கடுக்காயின் துவர்ப்புச் சத்தோடு அன்னபேதியாகிய இரும்பு உப்பைச் சேர்த்தால், எழுதும்போது வெளிறித் தோன்றும் மை காற்றுப்பட்டுக் கருத்து, தாளின் நாரிலேயே ஊன்றிவிடும். பின்னர் நீரில் கரையாது. கல்வராயன் மலையின் கடுக்காய் கல்வராயன் மலையின் மழையைத் தாங்கிக்கொண்டது. செம்மையோ கடையில் வாங்கிய சாயப்பொடியைக் கரைத்தது. அது வந்த வழியே நீரோடு போய்விட்டது. உரை இருந்தது, மூலம் இல்லை.

ஏட்டை அடுத்த மழைக்குள் எங்கு வைப்பது என்ற கேள்வி எழவில்லை; இனி அது வண்டியில் ஏறப்போவதில்லை. ஆயினும், ஓராண்டாக யாம் தேடாத கசிவை அன்றே தேடுவதென்று உறுதி கொண்டோம். அறிமுகமான டிங்கர் வேலைக்காரர் ஒருவர் வீட்டுக்கே வந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் முதலில் சொன்ன சொல் இது: “பாய், தண்ணி நிக்கிற இடம் வேற, வர்ற இடம் வேற. நிக்கிற இடத்துல பசை வச்சா, வெளியே போற வழியைத்தான் அடைக்கிறீங்க.”

மத்ரஸாவில் முப்பதாண்டுகளாக நீரின் சட்டத்தைக் கற்பித்துவருகிறோம். தூய்மை செய்யத் தக்க நீரா என்று அறிய நிறம், சுவை, மணம் ஆகிய மூன்றும் மாறியுள்ளனவா என்று பார்க்கவேண்டும் என்பது ஃபிக்ஹு நூல்களின் முதற்பாடம். அப்பாடத்தை எம் வண்டிக்குள் நின்ற நீரிடம் ஒருநாளும் நடத்திப் பார்த்ததில்லை. இப்போது ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் எடுத்துப் பார்த்தோம். பெட்ரோல் மணம் இல்லை. ஆகவே எரிபொருள் தொட்டியின் குற்றம் அன்று. சேறு இல்லை, ஆகவே சக்கரம் வாரியடித்த நீர் கீழ்த்தகட்டின் ஓட்டை வழியே வரவில்லை. மெல்லிய செந்நிறம் மட்டும் இருந்தது. அது துருவின் நிறம். மேலிருந்து வந்த மழைநீர், துருப்பிடித்த ஏதோ ஓர் இரும்பின் மீது நெடுந்தொலைவு நடந்து வந்திருக்கிறது என்று அதுவே சொல்லிற்று. சுவைத்துப் பார்க்கவில்லை, அதற்குத் தேவையும் இல்லை.

பிறகு தேடும் முறை. சாக்கு, ரப்பர் விரிப்பு, ஸ்டெப்னி, கருவிப்பை யாவற்றையும் வெளியே எடுத்து, உட்புறத்தை ஈரமின்றித் துடைத்து உலரவிட்டோம். எம் வகுப்பறைச் சுண்ணக்கட்டிகளை இடித்துத் தூளாக்கி, உள்ளே தகடும் தகடும் சேரும் இணைப்புகள்தோறும் தூவினோம். உலர்ந்த சுண்ணத்தூளின் மீது ஒரு துளி ஓடினாலும் அதன் தடம் கருங்கோடாகத் தெரியும். சிலர் உள்ளே ஆளைப் படுக்கவைத்து டிக்கியை மூடிப் பார்ப்பதுண்டு. அது ஆபத்து, சிறுவர்களைக் கொண்டு ஒருபோதும் செய்யலாகாது. யாம் பின்னிருக்கையின் சாய்மானத்தைக் கழற்றிவிட்டோம். எம் இளைய மகன் வண்டிக்குள் அமர்ந்து, டார்ச் விளக்கை அவ்வழியே டிக்கிக்குள் காட்டிக்கொண்டிருந்தான்.

நீரூற்றுவதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. மேலிருந்து ஊற்றினால் எல்லா இடமும் ஒருங்கே நனைந்துவிடும். எது குற்றவாளி என்று அறிய முடியாது. ஆகவே கீழிருந்து மேலே செல்லவேண்டும். முதலில் பின்விளக்குகள், அங்கே சிலகாலம் குழாய்நீரை மெல்ல விட்டு, உள்ளே உலர்ந்திருந்தால் அதை விடுவித்துவிட்டு, அடுத்தது டிக்கிக் கதவின் கீழ்விளிம்பு, பிறகு பக்கவிளிம்புகள், பிறகு கீல்கள், இறுதியில் பின்கண்ணாடி. அரைமணி நேரம் ஊற்றியும் ஒரு துளியும் வரவில்லை. “உலர்ந்தே இருக்கு அத்தா” என்று மகன் உள்ளிருந்து சொல்லிக்கொண்டே இருந்தான்.

அப்போதுதான் எமக்கு மலையிறக்கம் நினைவுக்கு வந்தது. ஊருக்குள் பெய்த மழைகளில் கைப்பிடியளவே நீர் நின்றது. மலையிலிருந்து இறங்கிய அன்று சாக்கே கனத்துவிட்டது. சமதரையில் டிக்கிக் கதவு பின்னோக்கிச் சரிந்திருப்பதால் மழைநீர் தரைக்கு வடிந்துவிடும். வண்டி தலைகீழாய் மலையிறங்கும்போதோ அச்சரிவு குறைந்துவிடுகிறது. வளைவுதோறும் பிரேக்கை மிதிக்கும்போது நீர் முன்னோக்கி ஓடிக் கண்ணாடியின் அடியில் தேங்குகிறது. இதைச் சொன்னதும் வேலைக்காரர் சிரித்து, வண்டியைத் திருப்பி, வாசற்சரிவில் பின்சக்கரங்கள் உயர்ந்து நிற்குமாறு நிறுத்தி, முன்சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்தார். மீண்டும் கண்ணாடியின் அடியில் நீர் விட்டோம். இருபது எண்ணுவதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது: “அத்தா, வருது!”

வந்தது வலப்புறம். நீர் நின்றதோ இடப்புறம். பின்கண்ணாடியைப் பற்றியிருக்கும் ரப்பர், வலக் கீழ்மூலையில் வெயிலில் காய்ந்து, கல்போல் இறுகி, மயிரிழை அளவு வெடித்திருந்தது. அவ்வழியே நுழைந்த நீர், கண்ணாடிக்கு அடியில் உள்ள தகட்டின் மடிப்பில் ஊர்ந்து, வண்டியின் அகலம் முழுவதும் கடந்து, இடப்பக்கச் சுவரில் இறங்கிச் சுண்ணத்தூளில் கோடு கிழித்தது. எம் வீட்டு முற்றம் இடப்புறம் சற்றே தாழ்ந்தது. ஆகவே அங்கேயே தங்கிவிட்டது. ஓராண்டாக யாம் பார்த்த மூலைக்கும் பழுது இருந்த மூலைக்கும் இடையே ஒரு முழு வண்டி அகலம் இருந்தது.

பழுதுபார்ப்பைச் சுருக்கமாகச் சொல்வோம். வெடிப்பின் மீது பசை தடவி முடித்துவிடலாமா என்று யாமே கேட்டோம். வேலைக்காரர் ஒப்பவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். ரப்பருக்கு அடியில் இரும்பு விளிம்பு துருவேறிச் செதில் செதிலாக உதிர்ந்தது. பசை தடவியிருந்தால் அந்தத் துரு உள்ளேயே வளர்ந்திருக்கும். சுரண்டித் தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசி, உலரவிட்டு, வண்ணமும் பூசினார். புது ரப்பர் கிடைப்பது எளிதாக இல்லை. ஆலை நின்றுபோன வண்டியின் உறுப்புகளைப் பழைய கடைகளில்தான் தேடவேண்டும். கிடைத்தபின், ரப்பரின் பள்ளத்தில் ஒரு மெல்லிய கயிற்றைப் பொதித்து, கண்ணாடியோடு சேர்த்து வெளியிலிருந்து அழுத்திக்கொண்டு, உள்ளிருந்து கயிற்றை உருவினார். கயிறு வரவர ரப்பரின் உதடு விளிம்பைக் கவ்விக்கொண்டது. அந்த நுணுக்கத்தைக் கண்டபோது எமக்கு மரக்கல நினைவே வந்தது. பலகைகளின் இடுக்கில் பஞ்சும் நாரும் திணித்துக் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி அடைக்கும் தொழிலைத் தமிழில் கலப்பத்து என்பர். அரபியில் கல்ஃபத் என்பர். கடலோடிகளான எம் முன்னோர் இரு கரைகளிலும் வழங்கிய சொல் அது. கலப்பத்துக்காரனும் நீர் நின்ற இடத்தை அடைப்பதில்லை; பலகை பிரிந்த இடத்தையே தேடுவான்.

இனிக் கடினமான வேலை இருந்தது. மாணாக்கருக்குச் சொல்லவேண்டும். தொலைபேசியில் சொல்ல மனம் ஒப்பவில்லை. மூலச் செய்யுட்கள் எமக்கு இளமையிலேயே மனப்பாடம். அழிந்த இடங்களின் மூலத்தைத் தனி ஏட்டில் எழுதி, இன்ன பக்கத்துக்கு இன்னது எனக் குறித்தோம். பாட்டனாரின் தாளில் எம் கைபடவில்லை. அவர் எழுதாததை அவர் எழுதியதாகக் காட்டுவது இன்னொரு பிழையாகும். இரண்டையும் எடுத்துக்கொண்டு, மழை விட்ட ஒரு நாளில், பேருந்திலேயே வெள்ளிமலைக்குச் சென்றோம்.

அவர் தொடக்கத் தாள்களைப் பார்க்கவில்லை. நேரே இறுதித் தாளைத் திருப்பினார். அதில் பாட்டனார் குடும்பக் குறிப்பு எழுதிவைத்திருந்தார். பிறப்புகளைச் செம்மையாலும் இறப்புகளைக் கருமையாலும் எழுதுவது அவர் வழக்கம். இறப்புகள் அனைத்தும் இருந்தன. பிறப்புகள் ஒன்றும் இல்லை.

“எங்க அம்மா பொறந்த நாள் இதுல மட்டும்தான் இருந்துச்சு, ஹஜ்ரத்” என்றார். கோபித்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்போம். அவர் கோபிக்கவில்லை. யாம் சாக்கு விரித்த கதையையும், இரவில் பெட்டியை எடுக்காமல் உறங்கிய கதையையும் மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். ஆசிரியர் மாணாக்கரிடம் மன்னிப்புக் கேட்பது அவருக்குத்தான் கூச்சமாக இருந்தது. எழுந்து உள்ளே போய்த் தேநீர் கொண்டுவந்தார்.

அன்று மாலை ஒளி மங்கியபோது, அவர் தம் கைவிளக்கை ஏட்டின் ஓரமாகச் சாய்த்துப் பிடித்தார். யாம் வியந்து பார்த்தோம். பாட்டனார் எழுதியது இரும்பு முனைப் பேனாவால். மை போய்விட்ட இடத்தில் முனை கீறிய தடம் சாய்ந்த ஒளியில் மெல்லிய நிழலாகத் தெரிந்தது. இருவரும் தலையோடு தலை முட்டக் குனிந்து எழுத்துக் கூட்டினோம். ரஜப் மாதம் என்பது தெளிவாகப் படிந்தது. திங்கட்கிழமை என்பதும் படிந்தது. பிறையின் எண்ணும் ஆண்டின் கடைசி இலக்கமும் தாள் நைந்த இடத்தில் போய்விட்டன. அவருடைய தாயார் பக்கத்து அறையில் இருந்தார். மகன் போய்ச் சொல்ல, “திங்கக்கிழமைன்னு எங்க அம்மா சொல்லும்” என்று அவர் மறுமொழி கூறியது எமக்குக் கேட்டது.

மீண்ட அளவு அவ்வளவே. மீளாதது மீளாததுதான், அதை இனிமையாகச் சொல்லி ஆற்றிக்கொள்ள யாம் விரும்பவில்லை.

இப்போது எம் டிக்கியில் சாக்கு இல்லை, அத்தரும் தெளிப்பதில்லை. தரையில் ஒரு பழைய செய்தித்தாளை மட்டும் விரித்து வைத்திருக்கிறோம். ஒரு துளி விழுந்தாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். மழை பெய்த மறுநாள் காலையில், சுபுஹுத் தொழுகை முடிந்து வந்ததும், திறந்து பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை. இந்தக் கார்த்திகை மழை முழுவதிலும் தாள் உலர்ந்தே இருந்தது, அல்ஹம்துலில்லாஹ்.